பிராட்காஸ்ட், டிரில், டிபிள்: விதைப்புக்கான ஆங்கில வினைச்சொற்கள் எங்கிருந்து வந்தன?

மண்வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். 18, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உழவு பற்றிய பழைய நூல்களைப் படித்து வருகிறேன். அவற்றில் 'பிராட்காஸ்ட்' என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. வானொலியை யாரும் கனவில்கூடக் காணாத காலம் அது. கோதுமையை பிராட்காஸ்ட் செய்தார்கள், டர்னிப்பை பிராட்காஸ்ட் செய்தார்கள் என்று எழுதியிருக்கிறது. கையால் அள்ளி வீசி விதைப்பதைத்தான் சொல்கிறார்கள் என்று படிக்கும்போதே தெரிந்துவிடுகிறது.

எனக்குப் புரியாதது வேறு. விதைப்பதற்கு 'ஸோ' என்ற பழைய வினைச்சொல் அவர்களிடம் இருந்ததே, பிறகு இது எதற்கு? எப்போது வந்தது? இதே நூல்களில் 'டிரில்' என்ற சொல்லும் விதைப்போடு சேர்ந்தே வருகிறது. துளை போடுவது, சிப்பாய்களை அணிவகுக்க வைப்பது ஆகிய பொருள்களோடு அதற்கு உறவு உண்டா?

சொல் வரலாறு தெரிந்தவர்களும் உழவு தெரிந்தவர்களும் எழுதுங்கள். சுருக்கமாக வேண்டாம், விரிவாகவே சொல்லுங்கள்.

அகராதிப்பித்து:

சொல் பக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

'ஸோ' மிகப் பழையது. பழைய ஆங்கிலத்தில் 'ஸாவன்'. ஜெர்மன், டச்சு மொழிகளிலும் அதன் உடன்பிறப்புகள் இன்றும் விதைப்பையே குறிக்கின்றன. லத்தீனில் விதைப்பதற்கு 'ஸெரெரே', விதைக்கு 'ஸேமென்'. எல்லாம் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். ஆங்கிலத்தில் விதையைக் குறிக்கும் 'ஸீட்' இந்தக் குடும்பம்தான். பருவத்தைக் குறிக்கும் 'ஸீஸன்' கூட இதே வேர்! விதைத்தலைக் குறித்த ஒரு லத்தீன் பெயர்ச்சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, விதைப்புக் காலம் என்ற பொருளை விட்டு எல்லாப் பருவத்துக்கும் பொதுவாகிவிட்டது. 'ஸெமினார்' என்பதும் நாற்றங்காலைக் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே.

'ஸோ'வை அதே ஆங்கில எழுத்துகளில் எழுதி வேறு மாதிரி உச்சரித்தால் பெண்பன்றி. ஒலி அப்படியே இருந்து நடு எழுத்து மட்டும் மாறினால் துணி தைப்பது. இந்த இரண்டுக்கும் விதைப்புக்கும் சம்பந்தமே கிடையாது. படிக்கிறவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

'பிராட்காஸ்ட்' இதோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை. 'பிராட்' என்றால் அகலம், 'காஸ்ட்' என்றால் வீசியது. அகலமாக வீசப்பட்டது என்று பொருள். 'காஸ்ட்' ஆங்கில மண்ணின் சொல்கூட இல்லை, வைக்கிங்குகளின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதற்கு முன்பு எறிவதற்கு இருந்த பழைய ஆங்கிலச் சொல் இன்று 'வார்ப்' என்று சுருங்கி, மரப்பலகை கோணிப்போவதைக் குறித்துக்கொண்டிருக்கிறது. விதையோடு 'காஸ்ட்' சேர்ந்து வருவது பழைய வழக்கம்தான். 1611-இல் வந்த ஆங்கில பைபிளில், மாற்கு 4-ஆம் அதிகாரத்தில், ஒருவன் நிலத்தில் விதை போடுவதற்கு அந்த வினையே வருகிறது. ஆனால் 'பிராட்காஸ்ட்' என்று ஒட்டிய வடிவம் எழுத்தில் கிடைப்பது 1760களில். முதலில் பெயரடையாகவும் வினையடையாகவும் வழங்கி, வினைச்சொல்லாக மாறியது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். வானொலிப் பொருள் 1920களின் தொடக்கத்தில்.

ஏர்முனை:

மண்வாசகன், உங்கள் முதல் கேள்விதான் இதில் முக்கியமானது. 'ஸோ' இருக்கும்போது இன்னொன்று எதற்கு? அகராதிப்பித்து சொன்ன 1760கள் என்ற காலத்தை உழவு வரலாற்றோடு சேர்த்துப் பாருங்கள், விடை தானாக வந்துவிடும்.

இங்கிலாந்தில் கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாம் நூற்றாண்டு நூற்றாண்டாகக் கையால் வீசித்தான் விதைக்கப்பட்டன. அவரை, பட்டாணியைச் சிலர் சாலில் போட்டார்கள், அவ்வளவுதான். விதைப்பது என்றாலே வீசுவது என்றிருந்த வரை அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. போட்டிக்கு இன்னொரு முறை வந்த பிறகுதான் பழைய முறைக்கும் பெயர் வைக்க வேண்டி வந்தது. அந்தப் போட்டிதான் டிரில், அதாவது சால் போட்டு வரிசையாக விதைப்பது. 1730களில் டிரில் விதைப்புக்கு வாதாடும் நூல் வருகிறது, 1760களில் 'பிராட்காஸ்ட்' அச்சில் தென்படுகிறது. இந்த வரிசை தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

அந்த நூலை எழுதியவர் ஜெத்ரோ டல். 1674-இல் பெர்க்ஷயரில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, லண்டனில் சட்டமும் படித்தார். பிறகு பண்ணைக்குத் திரும்பினார். 1701 வாக்கில் அவர் விதைப்புக் கருவியைச் செய்தார். அதன் தொடக்கம் கோதுமை இல்லை. சான்ஃபாயின் என்ற தீவனப் பயிர். அதன் விதை விலை அதிகம். வேலையாட்கள் அடர்த்தியாகக் கொட்டி வீணாக்கினார்கள். டல் ஆழத்தையும் இடைவெளியையும் சோதித்துப் பார்த்து, சால் போட்டு மெல்லிசாக விதைக்கச் சொன்னார். அவர்கள் ஒத்துழைக்க மறுத்தார்கள். அந்தக் கைகளைவிட ஒழுங்காக விதைக்கும் ஒரு கருவியைச் செய்ய முடியாவிட்டால் திட்டத்தையே விட்டுவிடுவது என்று அவர் முடிவெடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அவர் எழுத்தில் ஆட்களைப் பற்றிய கசப்பு நிறைய இருக்கிறது. எனக்கு அந்த ஆட்கள் பக்கமும் ஒரு நியாயம் தெரிகிறது. தலைமுறை தலைமுறையாகக் கையும் காலும் பழகிய ஒரு தொழிலை, சட்டம் படித்துவிட்டு வந்த ஒருவர் தப்பு என்று சொல்கிறார். எப்படி உடனே ஏற்பார்கள்?

கருவியின் யோசனை இசைக்கருவியிலிருந்து வந்தது. தேவாலயங்களில் வாசிக்கும் ஆர்கனின் உள்ளே காற்றைத் திறந்து மூடும் பள்ளம், நாக்கு, சுருள்வில் அமைப்பு டல்லுக்குத் தெரிந்திருந்தது. காற்றை அளந்து விடும் அதே அமைப்பை விதையை அளந்து விடுவதற்கு மாற்றினார்.

இப்போது 'டிரில்' என்ற பெயர். அதற்கும் டல்லே விளக்கம் தந்திருக்கிறார். அவரையையும் பட்டாணியையும் கையாலேயே சாலில் விதைத்த உழவர்கள் அந்த வேலையை 'டிரில்லிங்' என்று அழைத்தார்களாம். அதனால் கருவிக்கும் அந்தப் பெயர். அதாவது இந்த வினைச்சொல் இயந்திரத்துக்கு முன்பே கைவேலைக்கு இருந்தது. டல் அதை எடுத்துத் தன் கருவிக்குச் சூட்டினார்.

அகராதிப்பித்து:

ஏர்முனை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். துளையிடும் டிரில், படைப்பயிற்சி டிரில் இரண்டும் டச்சு மொழியிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் வந்தவை. சால் என்ற பொருளுள்ள டிரில்லின் பிறப்பு உறுதியாகத் தீர்மானமாகவில்லை. சிறு நீரோடையைக் குறித்த, இப்போது வழக்கொழிந்த ஒரு பழைய 'டிரில்' உண்டு. ஓடை போல ஓடும் பள்ளம் என்ற வகையில் சாலுக்கு அந்தப் பெயர் வந்திருக்கலாம் என்பது அகராதிகள் முன்வைக்கும் ஊகம். எனவே பழைய நூலில் ஓர் உழவர் கோதுமையை டிரில் செய்தார் என்று வந்தால், சாலில் விதைத்தார் என்று படியுங்கள். துளை போட்டார் என்று எடுத்தால் பத்தியே தடம் மாறிவிடும்.

தாளடி:

ஜெத்ரோ டல்தான் விதைப்புக் கருவியைக் கண்டுபிடித்தார் என்று பாடப்புத்தகங்களில் எழுதுவது எனக்கு எப்போதும் நெருடும். சீனாவில் ஹான் வம்ச காலத்திலேயே, அதாவது கிறிஸ்துவுக்கு முந்தைய காலத்திலேயே, பல குழாய்கள் வைத்த விதைப்புக் கருவி இருந்தது. மெசபடோமியாவில் கலப்பையோடு புனல் பொருத்தி விதையை நேராகச் சாலில் விட்டார்கள். ஐரோப்பாவுக்குள் பார்த்தாலும் 1566-இல் வெனிஸ் அரசு கமில்லோ டொரெல்லோ என்பவருக்கு விதைப்புக் கருவிக்கான உரிமை கொடுத்திருக்கிறது. இங்கிலாந்திலேயே ஜான் வோர்லிட்ஜ் 1669-இல் ஒரு வடிவத்தை வரைந்து வெளியிட்டார். டல்லின் பங்கை மறுக்கவில்லை. ஆனால் முதல் ஆள் என்று சொல்வது மற்றவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஏர்முனை:

முழுக்க ஏற்கிறேன், தாளடி. டல்லை நான் இங்கே இழுத்தது கருவிக்காக மட்டும் இல்லை. ஆங்கிலத்தில் இந்த விவாதத்தையே கிளப்பிவிட்டவர் அவர். 1731-இலும் 1733-இலும் அவர் நூல் வந்த பிறகு 'பழைய உழவு', 'புதிய உழவு' என்று இரண்டு கட்சிகளே உருவாகிவிட்டன. ஆர்தர் யங் 1770-இல் வெளியிட்ட சோதனை வேளாண்மை நூலில் இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, செலவு வரவு போட்டு ஒப்பிட்டார். அவர் உடனே டிரில் பக்கம் சாய்ந்துவிடவும் இல்லை. இப்படி இரண்டை எதிரெதிரே நிறுத்தி எழுதுகிறவருக்கு 'ஸோ' என்ற ஒற்றைச் சொல் போதாது. ஒரு நெடுவரிசைக்கு 'டிரில்' என்று தலைப்பு போட்டால் இன்னொன்றுக்கு ஏதாவது போட்டாக வேண்டுமே! அந்த இடத்தில்தான் 'பிராட்காஸ்ட்' உட்கார்ந்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். விதை மிச்சம் என்பதுதான் டிரில்லின் பயன் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. வீசி விதைத்தால் கோதுமைக்கு ஏக்கருக்கு 2½ முதல் 3 புஷல் (தானியம் அளக்கும் பழைய ஆங்கில அளவு) பிடிக்கும், டிரில்லில் அதைவிடக் குறைவு. ஆனால் டல் தன் நூலுக்கு வைத்த பெயரைப் பாருங்கள், குதிரைக் களைவெட்டு உழவு என்ற பொருள்தான் அதில் முன்னே நிற்கிறது. வரிசையாகப் பயிர் நின்றால்தான் நடுவே குதிரை பூட்டிய களைக்கருவி போக முடியும். வீசி விதைத்த வயலில் கால் வைக்கவே இடமில்லை, களையைக் கையால் பிடுங்க வேண்டும் அல்லது விட்டுவிட வேண்டும். டல்லின் விளக்கத்தில் பிழையும் இருந்தது. வேர்கள் நுண்ணிய மண் துகள்களைத் தின்கின்றன, மண்ணைப் பொடியாக்கினால் எருவே தேவையில்லை என்று அவர் நம்பினார். அது தவறு என்று பின்னால் தெரிந்தது. விளக்கம் தவறு, ஆனால் வரிசை விதைப்பும் இடை உழவும் நின்றுவிட்டன. கருவி பரவ மட்டும் நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. சஃபோக்கில் பீசன்ஹால் என்ற ஊரில் ஸ்மித் குடும்பத்தார் 1800 முதல் டிரில் செய்யத் தொடங்கி, அதைப் பரப்புவதில் பெரிய பங்கு வகித்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் கைவிதைப்பு பல இடங்களில் சாதாரணமாக நடந்தது.

மண்வாசகன்:

பிரமாதம். எனக்கு இந்தத் தேதி வரிசை தோன்றவே இல்லை. ஏர்முனை, கைவிதைப்பு எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா? அகலமாக வீசுவது என்று சொல்லிவிட்டால் ஏனோதானோ என்று இறைப்பது போலத் தோன்றுகிறது. அப்படி இருந்திருக்காது.

ஏர்முனை:

இருக்கவே இருக்காது. ஒவ்வொரு அடியிலும் கணக்கு உண்டு. விதைப்பவர் 'ஸீட்லிப்' என்ற விதைக்கூடையைத் தோள்வாரில் மாட்டி இடுப்போடு அணைத்துக்கொள்வார். அந்தப் பெயரின் பின்பாதிக்கு உதடு என்று பொருள் எடுக்க வேண்டாம், கூடை என்ற பழைய ஆங்கிலச் சொல் அது. வயல் முனையில் கம்பு நட்டு, அதைப் பார்த்தே நேராக நடப்பார். ஒரு கால் விழும்போது கை கூடைக்குள் போகும், மறுகால் விழும்போது கை அகன்ற வளைவாக வீசும். நடை தவறினால் வீச்சு தவறும். வீச்சு தவறினால் வயலில் திட்டுத் திட்டாக வெறுமை தெரியும். தேர்ந்தவர்கள் இரண்டு கையாலும் வீசுவார்கள். சில இடங்களில் பாதி விதையை நெடுக்கிலும் மீதியைக் குறுக்கிலும் வீசி விடுபட்ட இடங்களைச் சரிக்கட்டினார்கள். காற்றடிக்கும் நாளில் சிறிய விதையைத் தொடவே மாட்டார்கள். வீசி முடித்ததும் பலுகு (மண்ணைக் கிளறும் பல் வைத்த கருவி) ஓட்டி மண் மூட வேண்டும், இல்லாவிட்டால் பறவைகளுக்குத்தான் விருந்து. நான்கு விதை போட்டால் ஒன்று காக்கைக்கு, ஒன்று அழுகலுக்கு என்று கணக்குச் சொல்லும் நாட்டுப்புற வரிகள் ஆங்கிலத்தில் பல வடிவங்களில் உண்டு. நான்கில் ஒன்றுதான் வளரும் என்பது அந்தக் கணக்கு.

இன்னொரு நுட்பம். நன்றாக உழுத வயலில் மண் புரண்டு புரண்டு சாய்ந்திருக்கும், நடுவில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அதன்மேல் வீசினால் விதை உருண்டு பள்ளத்தில் சேரும். முளைக்கும்போது டிரில் போட்டது போலவே வரிசை தெரியும். தூரத்திலிருந்து பார்த்தால் எந்த முறை என்று சொல்ல முடியாது.

தாளடி:

விடுபட்ட இடம் பற்றிச் சொன்னீர்கள். டிரில் வந்த பிறகும் அந்தப் பயம் போகவில்லை. ஒரு வரிசை விதை விழாமல் போய்விட்டால் அறுவடைக்குள் அந்தப் பண்ணையில் ஒரு சாவு விழும் என்ற நம்பிக்கை இங்கிலாந்தின் கிராமப்புறங்களில் இருந்திருக்கிறது. குழாயில் விதை அடைத்துக்கொண்டால் மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது, முளைத்த பிறகுதான் தெரியும். அதனால்தான் டிரில்லுக்குப் பின்னால் நடக்கும் ஆள் குழாய்களையே பார்த்துக்கொண்டு வருவார்.

தலைப்பில் டிபிள் என்று போட்டிருக்கிறீர்கள், அதையும் சொல்லிவிடலாம். குச்சியால் குழி போட்டு விதை ஊன்றுவது. பெயர்ச்சொல் 15-ஆம் நூற்றாண்டிலேயே உண்டு, வினை பிறகு வந்தது. நார்ஃபோக், சஃபோக் பக்கம் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கோதுமையையே இப்படி ஊன்றினார்கள். ஓர் ஆண் இரண்டு கையிலும் இரும்புக் கோல் பிடித்து, பின்னோக்கி நடந்தபடி குழி போடுவார். அவர் எதிரே பெண்களும் பிள்ளைகளும் குனிந்து ஒவ்வொரு குழியிலும் விதை போட்டுக்கொண்டே வருவார்கள். விதைச் செலவு மிகக் குறைவு, உழைப்பு மிக அதிகம். பிள்ளைகளின் கூலி மலிவாக இருந்ததால்தான் அது கட்டுபடியானது. விதையைச் சிக்கனப்படுத்திய முறை என்று இதைப் பாராட்டும்போது குனிந்த அந்த முதுகுகளையும் சேர்த்தே எழுத வேண்டும்.

நடுஅலை:

வானொலிப் பக்கத்திலிருந்து நான் வருகிறேன். உழவுக்காரர்கள் குறை என்று சொன்ன அதே தன்மை வானொலியிலும் முதலில் குறையாகத்தான் பார்க்கப்பட்டது. யாரும் இதுவரை அதைத் தொடவில்லை என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கம்பியில்லாத் தந்தி வந்தபோது அதை உருவாக்கியவர்கள் விரும்பியது ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு, வேறு யார் காதிலும் விழாமல் செய்தி போக வேண்டும் என்பதை. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே தந்திக்கம்பிக்குப் பதில் காற்று, அவ்வளவுதான் கனவு. ஆனால் அலை நாலாபக்கமும் பரவியது. யார் வேண்டுமானாலும் ஒட்டுக் கேட்கலாம். மார்க்கோனி 1900-இல் 7777 என்ற எண்ணுள்ள புகழ்பெற்ற காப்புரிமையைப் பெற்றதே அலைவரிசையை இசைவித்து இந்தச் சிக்கலை அடக்கத்தான். அப்படியும் 1903-இல் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மார்க்கோனியின் முறையை ஃபிளெமிங் என்ற இயற்பியலாளர் விளக்கவிருந்தபோது, நெவில் மாஸ்கலின் என்ற மாயவித்தைக்காரர் வெளியிலிருந்து தன் சமிக்ஞையை உள்ளே புகுத்திக் கேலி வரிகளை அனுப்பினார். ரகசியம் காக்க முடியும் என்ற பேச்சு அன்று பொதுவிலேயே அடிபட்டது.

பிறகுதான் அந்தக் குறையையே பயனாகத் திருப்பினார்கள். எல்லோரும் கேட்க முடியும் என்றால் எல்லோருக்குமாகவே பேசலாமே! 1920 ஜூனில் செல்ம்ஸ்ஃபோர்டிலிருந்து நெல்லி மெல்பா பாடினார். அதே ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ நிலையம் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை வாசித்தது. எத்தனை பேர் கேட்கிறார்கள், எங்கே இருக்கிறார்கள் என்று அனுப்புகிறவருக்குத் தெரியாது. இந்தப் புது வேலைக்கு ஒரு சொல் வேண்டும். கையளவு விதையை அகலமாக வீசிவிட்டு, எது எங்கே விழுந்தது என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்கும் வேலைக்குப் பழைய சொல் ஒன்று தயாராக இருந்தது. 1922 அக்டோபரில் பிரிட்டிஷ் பிராட்காஸ்டிங் கம்பெனி உருவானபோது அது நிறுவனத்தின் பெயரிலேயே ஏறிவிட்டது. நவம்பர் 14-இல் ஒலிபரப்பு தொடங்கியது. 1927 ஜனவரி 1-இல் அது அரச சாசனத்தோடு கார்ப்பரேஷன் ஆனது.

விதை நினைவு அவர்களை விட்டுப் போகவில்லை என்பதற்கு ஓர் அருமையான சான்று உண்டு. அந்த நிறுவனத்தின் தலைமையகமான லண்டன் பிராட்காஸ்டிங் ஹவுஸ் 1932-இல் திறக்கப்பட்டது. அதன் முகப்புக் கூடத்தில் எரிக் கில் செதுக்கிய சிலை நிற்கிறது. பெயர் 'விதைப்பவன்'. கையால் விதை வீசும் மனிதன்! அங்கே ஒரு லத்தீன் கல்வெட்டும் உண்டு. இந்தக் கட்டடத்தைக் கடவுளுக்கு அர்ப்பணித்து, நல்ல விதைப்பு நல்ல அறுவடையைத் தர வேண்டும் என்று முதல் ஆளுநர்கள் வேண்டிக்கொள்வதாக அது சொல்கிறது. சொல் எங்கிருந்து வந்தது என்பது தெரிந்துதான் அந்தச் சிலையை வைத்திருக்கிறார்கள். எனக்கு இது எப்போது நினைத்தாலும் மனசு நிறையும்.

அகராதிப்பித்து:

அருமை, நடுஅலை. ஒரு சிறு திருத்தம் மட்டும். வயலிலிருந்து சொல் நேராக வானொலிக்குத் தாவவில்லை. நடுவே நூறு ஆண்டுக்கு மேல் ஒரு வாழ்க்கை இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டு முடியும் முன்பே உருவகமாக வந்துவிட்டது. 19-ஆம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களில் துண்டுப் பிரசுரங்களை நாடெங்கும் பிராட்காஸ்டாக இறைத்தார்கள், அவதூறை பிராட்காஸ்டாகப் பரப்பினார்கள் என்றெல்லாம் சாதாரணமாக எழுதுவார்கள். செய்தியைப் பரப்புவது என்ற பொருளுக்கு அது ஏற்கெனவே பழகியிருந்தது. 1920களில் வானொலிக்காரர்கள் உழவு நூலைத் தேடிப்போய் எடுத்ததாக நினைக்க வேண்டியதில்லை, காதில் இருந்த சொல் அது.

நடுஅலை:

ஏற்கிறேன், ஐயா. அந்த நடுக்கட்டம் எனக்குத் தெரியாது. ஆனால் சிலை வைத்தவர்கள் உழவுப் பொருளை நினைத்தே வைத்தார்கள் என்பதில் மாற்றம் இல்லை.

விதைநெல்:

இடையில் ஒரு சந்தேகம். இறந்தகாலத்தில் 'பிராட்காஸ்ட்' என்பதா, 'பிராட்காஸ்டட்' என்பதா? இரண்டும் கண்ணில் படுகிறது.

அகராதிப்பித்து:

'காஸ்ட்' இறந்தகாலத்திலும் மாறாத வினை. அதனால் 'பிராட்காஸ்ட்' மாறாமல் இருப்பதே பெருவழக்கு. ஆனால் வானொலி வந்த புதிதில் அதைப் புத்தம்புது வினையாக எடுத்துக்கொண்டு 'பிராட்காஸ்டட்' என்று நிறையப் பேர் எழுதினார்கள். பெயரடையிலிருந்து பிறந்த வினைக்கு ஒழுங்கான விகுதி சேர்ப்பதும் ஒரு நியாயம்தான். இன்றைய அகராதிகள் இரண்டையும் தருகின்றன, மாறாத வடிவத்தை முதலில் வைத்து. எழுதும்போது மாறாததையே எடுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

'ஸோ' இதிலும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அது உள்ளே உயிரெழுத்து மாறும் வினை. இன்று இறந்தகாலம் ஒழுங்காகிவிட்டது. எச்ச வடிவத்தில் மட்டும் பழைய 'ஸோன்' உயிரோடு இருக்கிறது. இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை என்று சொல்லும் தொடரில் அதைத்தான் கேட்கலாம். அப்புறம், அதே வினைக்குச் செயப்படுபொருளாக விதையும் வரும், நிலமும் வரும். விதையை ஸோ செய்யலாம், வயலை விதையால் ஸோ செய்யலாம். வயல் செயப்படுபொருளாக வந்தால் முழு வயலும் விதைத்து முடிந்தது என்ற குறிப்பு கூடவே வரும்.

விதைநெல்:

நன்றி. 'ஸீட்' கூட வினையாக வருகிறதே? டென்னிஸில் சொல்வது இதே சொல்லா?

தாளடி:

இதே சொல்தான். புல்தரைக்கு விதை போட்டாலும் 'ஸீட்', திராட்சையிலிருந்து விதையை எடுத்தாலும் 'ஸீட்'. ஒரே சொல் போடுவதையும் எடுப்பதையும் குறிக்கும். டென்னிஸ் வழக்கு 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது. வலுவான ஆட்டக்காரர்கள் தொடக்கத்திலேயே மோதிவிடாதபடி அட்டவணையில் அவர்களைப் பரவலாகத் தூவுவதால் அந்தப் பெயர். அங்கேயும் தூவல்தான், ஆனால் எது எங்கே விழ வேண்டும் என்று பார்த்துப் போடும் தூவல். ஏர்முனை சொன்ன பிரிவில் வைத்தால் அது பிராட்காஸ்டைவிட டிபிளுக்குத்தான் நெருக்கம்.

கணினிக்கழனி:

கணினி வலையமைப்பிலும் இந்தச் சொல்லின் பழைய பொருள் மாறாமல் இருக்கிறது. ஒரு கருவி தன் வலையமைப்பில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாதபோது எல்லோருக்கும் ஒரே செய்தியை அனுப்பும். அதுதான் பிராட்காஸ்ட். ஈதர்நெட் என்ற வலையமைப்பு முறையில் அதற்கான முகவரியின் 48 பிட்டும் 1 ஆகவே இருக்கும். தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்வார், மற்றவர் விட்டுவிடுவார். ஒருவருக்கு மட்டும் போனால் யூனிகாஸ்ட், குழுவுக்குப் போனால் மல்டிகாஸ்ட். 'காஸ்ட்' தனியாகக் கழன்று வந்து ஒட்டுச் சொல்லாகிவிட்டதையும் கவனியுங்கள். டெலிகாஸ்ட், வெப்காஸ்ட், 2004-இல் வந்த பாட்காஸ்ட் எல்லாவற்றிலும் அந்தப் பின்பாதிக்கு வீசுதல் என்ற பொருள் போய், பரப்புதல் என்ற பொருள் மட்டும் நிற்கிறது. 'நாரோகாஸ்ட்' என்று ஒன்று உண்டு, சிறு கூட்டத்துக்கு மட்டும் பரப்புவது. 1967-இல் லிக்லைடர் என்ற கணினி அறிஞர் அந்தச் சொல்லுக்கு அழுத்தம் கொடுத்து எழுதினார். அகலத்துக்கு எதிர்ச்சொல்லாகக் குறுகலைப் போட்டிருக்கிறார்கள். ஏர்முனை சொன்னது போல உழவில் அந்த எதிர்ச்சொல்லின் இடத்தில் இருந்தது டிரில்.

மண்வாசகன்:

கேட்டதைவிடப் பத்து மடங்கு கிடைத்துவிட்டது. கடைசியாக ஒன்று. இன்றைக்கு இங்கிலாந்து உழவர்கள் எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள்? இன்னொன்று, பழைய பண்ணைக் குறிப்புகளில் ஒரே வயலுக்கு, ஒரே வசந்தத்தில், பார்லி டிரில், கிளோவர் (ஒரு தீவனப் பயிர்) பிராட்காஸ்ட் என்று இரண்டும் எழுதியிருப்பதைப் பார்க்கிறேன். இரண்டு எதிரெதிர் முறைகள் எப்படி ஒரே வயலில்?

ஏர்முனை:

பிரிட்டிஷ் உழவர்கள் இன்று பேச்சில் பெரும்பாலும் 'டிரில்' என்றே சொல்வார்கள். கோதுமை விதைத்து முடித்துவிட்டோம் என்பதற்கு டிரில்லிங் முடிந்தது என்பார்கள். உழாமல் நேரடியாக விதைப்பதற்கும் டைரக்ட் டிரில் என்றுதான் பெயர். டல் காலத்தில் புதுமையாக இருந்த சொல் இன்று சாதாரண விதைப்புக்கே பெயராகிவிட்டது. அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கு 'பிளான்ட்', கோதுமைக்கு 'டிரில்' என்று பிரித்துச் சொல்வது வழக்கம். 'பிராட்காஸ்ட்' புல், மூடுபயிர், உரம் ஆகியவற்றுக்கு நிலைத்துவிட்டது. அமெரிக்காவின் மத்திய மேற்கில் குளிர்காலம் முடியும் தறுவாயில், நிற்கும் கோதுமைக்கு மேலே செங்கிளோவர் விதையை வீசுவார்கள். இரவில் மண் உறைந்து பகலில் இளகும்போது வெடித்து மூடுவதால் விதை தானாக உள்ளே இறங்கிவிடும். பலுகு ஓட்ட வேண்டியதே இல்லை.

உங்கள் பார்லி, கிளோவர் கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. நார்ஃபோக் நான்கு பயிர்ச் சுழற்சியில் டர்னிப், பார்லி, கிளோவர், கோதுமை என்று வரிசை. கிளோவருக்கு என்று தனியாக உழுவதில்லை. பார்லி போட்ட வயலிலேயே, பார்லி முளைத்து வரும்போது, அதன் நிழலில் கிளோவரையும் விதைத்துவிடுவார்கள். பார்லி அறுத்த பிறகு கிளோவர் வயலைப் பிடித்துக்கொள்ளும். பார்லி விதை பெரியது, இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் வரிசையாகப் போட டிரில் சரி. கிளோவர் விதை கடுகைவிடச் சிறியது. ஆழம் போனால் மேலே வரவே வராது. வரிசையும் தேவையில்லை, வயலை முழுக்க மூட வேண்டிய பயிர் அது. அதனால் அதை மேலாக வீசினார்கள். சில பண்ணைகளில் அதற்கென்றே ஒரு தள்ளுவண்டி இருந்தது. ஒற்றைச் சக்கர வண்டியின் குறுக்கே, ஓர் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கும் மேல் நீளமான மெல்லிய மரப்பெட்டி. தள்ளிக்கொண்டு போனால் உள்ளே தண்டு சுழன்று, பெட்டியில் உள்ள துளைகள் வழியாக விதையைத் தூவிக்கொண்டே வரும். உங்கள் குறிப்புகளில் 'ஸீட் பாரோ' என்று எங்காவது வந்தால் அது இந்த வண்டிதான்.